உப்புச் சுவர்

கட்டில் அசையவில்லை.

அண்ணி முதுகுப் பையை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலிட்டு அடியில் எட்டிப் பார்த்தாள். கட்டிலின் கால்கள் தரைக்குள் புதைந்திருந்தன. யாரோ வேலை மெனக்கெட்டுக் குழி பறித்து, கால்களை இறக்கி, சுற்றிலும் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் விரல்கூட நுழையாது. சுவரோரம் படுப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. பல்லி போகும், பூச்சி ஊரும், ஈரம் இறங்கும். எந்த ஊரில் தங்கினாலும் முதல் வேலையாகக் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிடுவாள். இங்கே அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

“கட்டிலைத் தூக்கிட்டுப் போயிடுவோம்னு பயம்போல,” என்றாள்.

சிட்டு சிரித்தாள். உதடு மட்டும் அசைகிற, சத்தமில்லாத சிரிப்பு. “நான் சுவர் பக்கம் படுத்துக்கறேன் அண்ணி. எனக்கு எங்க படுத்தாலும் ஒண்ணுதான்.”

சிட்டு அவளுடைய கணவனின் தங்கை. வீட்டில் எல்லாரும் கூப்பிடும் பெயர் அது. ஒரு காலத்தில் அடுப்படியில் சட்டி இறங்கும் முன்னே தட்டோடு வந்து நிற்பவள். போன வருஷம் வந்த காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளி, எழுப்பி, போகும்போது நாக்கையும் கொண்டுபோய்விட்டது. “நாக்கு செத்துப்போச்சு அண்ணி,” என்றாள் ஒருநாள். காய்ச்சல் விட்டவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதங்கள் போயின. நாக்கு திரும்பவில்லை. சோறு மண்ணாக இருந்தது, பழம் நனைந்த அட்டையாக இருந்தது. நரம்புதான், தானாக வரும் என்றார் டாக்டர். கன்னம் ஒட்டி, மணிக்கட்டில் வளையல் நிற்காமல், ஆள் பாதியாகிப் போனாள். கடைசியில் அண்ணன்தான் சொன்னான்: “வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா இவ இப்படியே உருகிடுவா. ரெண்டு பேரும் பையை மாட்டிக்கிட்டு எங்கேயாவது சுத்திட்டு வாங்க.”

அப்படித்தான் ஊர் ஊராகச் சுற்றி இந்தப் பழைய நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ வந்தது பாதி தூரம்தான். அதற்குமேல் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நின்று வழிவிட வேண்டிய சந்துகள். தலைக்குமேல் மின்கம்பிகள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி தொங்கின. சந்து முடிந்த இடத்தில் கோட்டைச் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில், அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வரிசையாக வீடுகள். அதில் ஒன்று இந்த விடுதி.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. விரிப்பில் கறையில்லை. தரையில் தலைமுடியில்லை. ஆனால் ஒரு வாடை இருந்தது. அண்ணி மூக்கை உயர்த்தி அதைத் தேடினாள். தலையணை உறையில் விடிந்ததும் வீசுமே, வாயோரம் வழிந்த எச்சில் காய்ந்த வாடை, அது. உறையை முகர்ந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. விரிப்பிலும் இல்லை. வாடை சுவரிலிருந்து வந்தது.

தலைமாட்டுக்குச் சற்றுக் கீழே, படுத்தவர் முகம் திரும்பினால் மூக்கு இடிக்கிற உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சு உள்வாங்கியிருந்தது. உள்ளங்கையைக் குவித்தால் அதில் பொருந்தும். சுற்றிலும் சுவர் சொரசொரப்பாக இருக்க, அந்தப் பள்ளம் மட்டும் பீங்கான்போல வழவழவென்று மினுங்கியது. எத்தனையோ பேர் தலை சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எண்ணெய்த் தலைகள். உடம்பு கூசியது. கைக்குட்டையை ஈரமாக்கி அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டையில் அழுக்கு ஒட்டவில்லை. வேறு ஏதோ ஒட்டியது. பிரித்தபோது நூல்நூலாக இழுபட்டது.

அவள் அப்படி ஒன்றும் அருவருப்புப் பார்க்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவிக் கொதிநீராவியில் போட்டெடுக்கும் பிரிவில் வேலை. கத்தரியின் மூட்டில் உறைந்த ரத்தத்தை, இடுக்கியின் பல்லில் சிக்கிய சதையைத் துழாவி எடுத்துவிட்டு, கையைக் கழுவி, அதே கையால் டிபன் பாக்ஸைத் திறக்கிறவள். “உனக்கு மூக்கே கிடையாதுடி,” என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கைக்குட்டையைப் பையில் திருப்பி வைக்கக் கை வரவில்லை. குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, இருமுறை சோப்பு போட்டுக் கழுவினாள்.

விடியும் வேளையில் ஒரு சத்தம் அவளை எழுப்பியது. பூனை தட்டை நக்குகிற சத்தம். சளப், சளப் என்று, அவசரமே இல்லாமல். எங்கோ மாடிப்படியில் பூனை இருக்கிறது என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்தாள். புரண்டு படுத்தாள். சத்தம் நின்றது. சிட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் தோள்பட்டை மெல்ல ஏறி இறங்கியது. நன்றாகத் தூங்குகிறாள் பாவம் என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

காலையில் சிட்டு இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

சந்து முனை டீக்கடையில், தகர மேசையில், அண்ணி தன் டீயை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள் சிட்டு. கடைக்காரர் இன்னொரு தட்டு வைத்தார். அதுவும் காலியானது.

“ருசி தெரியுதாடி?”

சிட்டு மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. “கொஞ்சம்... உப்பு தெரியுது அண்ணி. கொஞ்சமா, தூரத்துல.”

அண்ணி கடைக்கு வெளியே ஓடிவந்து கணவனைக் கூப்பிட்டாள். “உங்க தங்கச்சி சாப்பிடறா. நெஜமாங்க. ரெண்டு தட்டு.” எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அந்த ஊர்லயே இன்னும் நாலு நாள் இருங்க,” என்றான் ஒருவழியாக. “அவசரமே இல்ல. நீ அவளைப் பாத்துக்க.”

பகலெல்லாம் கோட்டையைச் சுற்றினார்கள். வழிகாட்டி வெயிலில் கறுத்து மெலிந்த, நடுவயதைத் தாண்டிய மனிதர். தோளில் துண்டு, வாயில் ஓயாத பேச்சு. “பாத்து வாங்க அக்கா, படி தேஞ்சு போச்சு. ராஜா நடந்து தேயல, வேலைக்காரங்க நடந்து தேஞ்சது. ராஜா எங்க நடந்தாரு, அவரைத்தான் தூக்கிட்டுப் போனாங்களே!” தானே சிரித்துக்கொண்டார். வாசல் நிலைக்கல் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்ததைக் காட்டினார். கோட்டைச் சுவரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். சத்தமே வரவில்லை. “முழுக்கக் கல்லும் மண்ணும். மேல ரெண்டு வண்டி ஒண்ணா போகும். குண்டு போட்டாங்க, அசையலையே.”

சிட்டு பின்தங்கிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறை அண்ணி திரும்பும்போதும் அவள் சுவரோரமாக நின்றாள், வாயைப் புறங்கையால் துடைத்தபடி. உதட்டோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. “என்னடி அது?” “தெரியல, தூசியா இருக்கும்.” இருட்டு வழி ஒன்றில் அவளைக் காணாமல் திரும்பி வந்தபோது, நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். தலை சுற்றியதாம். அவள் நகர்ந்த இடத்தில், வறண்ட சுவரில், கையகல ஈரம் இருந்தது. மேலே பார்த்தாள் அண்ணி. கூரையில் கசிவு எதுவும் இல்லை.

வெளியே வந்ததும் வழிகாட்டி பேச்சுவாக்கில் கேட்டார். “எங்க தங்கியிருக்கீங்க?”

சொன்னாள்.

அவர் தோள் துண்டை எடுத்து வாயை ஒற்றிக்கொண்டார். பிறகு சிட்டுவைப் பார்க்காமல், தணிந்த குரலில், “கட்டில்ல சுவர் பக்கம் யாரு படுத்தது அக்கா?” என்றார்.

“ஏன் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா.” இன்னும் பார்க்க வேண்டிய மண்டபம் ஒன்று மிச்சமிருந்தது. அதைக் காட்டாமலே, கூட்டத்தோடு கூட்டமாக அவர் கலந்துபோனார்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, சேறாகி, அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சிட்டு செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். அண்ணி குளிக்கப் போனாள். ஆனால் அந்த வழிகாட்டியின் கேள்வி, தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தண்ணீரை நிறுத்தினாள். மழைச் சத்தம். அதற்கு அடியில், இன்னொரு சத்தம்.

சளப். சளப்.

துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தாள்.

சிட்டு கட்டிலில் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கைகளும் சுவரில் விரிந்திருந்தன. முகம் அந்தப் பள்ளத்துக்குள். கன்றுக்குட்டியை நக்குகிற பசுவின் பொறுமையோடு, கீழிருந்து மேலாக, கீழிருந்து மேலாக, சுவரை நக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை நக்கும்போதும் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்குகிறாள். மோவாயிலிருந்து சுண்ணாம்புக் குழம்பும் எச்சிலும் கலந்து கெட்டியாக வழிந்து, சட்டையின் முன்புறத்தை நனைத்திருந்தது.

அண்ணி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். சிட்டுவின் முகம் சுவரைவிட்டுப் பிரியும்போது, ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“வாயைத் திற. திறடி!”

நாக்கு வெந்தது மாதிரி இருந்தது. மேல்தோல் உரிந்து, நுனி மழுங்கி, நடுவில் வெடித்த கோடுகளில் ரத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்து இளஞ்சிவப்புக் களிம்பாக அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்காத ரத்தமா? ஆனாலும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வலிக்கலையா உனக்கு?”

“அண்ணி,” என்றாள் சிட்டு. தடித்த நாக்கில் சொல் குழறியது. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. ஒரு வருஷமாகப் பார்க்காத மலர்ச்சி. “இதுல எல்லாம் இருக்கு அண்ணி. முதல்ல உப்பு. அப்புறம் போகப்போக... அம்மா உருட்டிக் குடுப்பாங்களே, அந்தச் சோறு. அம்மா கை ருசியோட. நீங்களும் ஒரே ஒரு தடவை—”

“வாயை மூடு!”

குமட்டிக்கொண்டு வந்தது. கைபேசி வெளிச்சத்தைப் பள்ளத்தில் அடித்தாள். நேற்று உள்ளங்கை அளவு. இன்று முழங்கை வரை போகும். அடுக்கடுக்காக வேறு வேறு காலத்துப் பூச்சுகள் மரத்தின் வளையங்கள் மாதிரி தெரிந்தன. எல்லா அடுக்கிலும் ஓடியிருந்தன மெல்லிய வரிகள். கீழிருந்து மேலாக. ஆழத்தில், சிட்டுவின் நாக்கு எட்டியிருக்கவே முடியாத இடத்தில், எச்சில் நுரை தளும்பி நின்றது. புதிது. குமிழி ஒன்று வெடித்தது.

அண்ணி உடையை மாட்டிக்கொண்டு, சிட்டுவையும் இழுத்துக்கொண்டு கீழே போனாள்.

வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். நேற்று சாவி கொடுத்தபோதும் தலையாட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. சங்கோஜம் என்று நினைத்திருந்தாள்.

“எங்களுக்கு வேற ரூம் வேணும். இல்லன்னா இப்பவே கிளம்பறோம்.”

“மழைல கீழ்ரோடு முங்கிடுச்சும்மா,” என்றார் அந்தம்மா, சொற்கள் குழற. “காலைலதான் வண்டி வரும். ரூம் எல்லாம் ஒரே மாதிரிதான். எல்லாமே சுவரை ஒட்டித்தான்.”

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“கோட்டைதான். வேற என்ன இருக்கும்?”

சொல்லும்போது வாய்க்குள் தெரிந்தது. நாக்கு என்று சொல்ல முடியாது. அடிக்கட்டை. தேய்ந்து தேய்ந்து, பலகையில் கரைந்த சோப்புத் துண்டு மாதிரி, கடைசிப் பல்லருகே வழவழவென்று புரண்டுகொண்டிருந்தது. அண்ணி ஓரடி பின்வாங்கினாள். அந்தம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிட்டுவைத்தான் வாஞ்சையோடு பார்த்தார்.

“உங்களுக்குக் குமட்டுதுன்னா உங்களுக்கு வேண்டாம்னு அர்த்தம்மா. இந்தப் பொண்ணுக்கு வேணும். பசியோட வந்த பிள்ளையைத் தடுக்காதீங்க.”

சிட்டு வெட்கப்பட்டவள்போலத் தலைகுனிந்தாள். உதடுகளை உள்ளே இழுத்து, மெல்லச் சப்பினாள்.

மழையானால் என்ன, வெள்ளமானால் என்ன, தெருவில் நின்றாலும் நிற்பேன், இங்கே இருக்கமாட்டேன் என்று முடிவெடுத்தாள் அண்ணி. பைகள் மட்டும் மேலே இருந்தன. சிட்டுவைத் தனியே கீழே விட மனசு வரவில்லை, அதுவும் அந்தக் கிழட்டு வாய்க்குப் பக்கத்தில். கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள். விளக்குப் போட்டாள். எரியவில்லை. மழை இருட்டு அறைக்குள் சாக்கடைத் தண்ணீராகத் தேங்கி நின்றது. வாடை இப்போது ஒளியவில்லை. வாயைத் திறந்தால் நாக்கில் படிந்தது.

“என் கையை விடாத,” என்றாள். ஒரு கையால் பையை இழுத்துத் தோளில் மாட்டினாள். மறுகையில் சிட்டுவின் விரல்கள் இருந்தன. குளிர்ந்து, ஈரமாக, ஆனால் இருந்தன. இரண்டாவது பைக்குக் குனிந்தாள்.

சளப்.

“சிட்டு!”

“நான் இல்ல அண்ணி.”

பக்கத்தில்தான் நின்றாள். வாய் மூடியிருந்தது. கை கையில் இருந்தது.

சளப். சளப்.

சுவருக்குள்ளிருந்து. கல்லுக்குள்ளிருந்து. அவசரமே இல்லாமல்.

பள்ளத்தின் ஆழத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து படுக்கையில் விழுந்தது. பிறகு பொடி. பிறகு இன்னொரு சில்லு. அண்ணிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாய் முழுக்க எச்சில் ஊறியிருந்தது. வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். விழுங்கினாள். உப்புக் கரித்தது.

சிட்டுவின் விரல்கள் நழுவின.

“வேண்டாம்டி...”

கட்டில் கிறீச்சிட்டது. சிட்டு ஏறி மண்டியிட்டாள். பள்ளத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். நக்கவில்லை. காத்திருந்தாள்.

துளையின் விளிம்பில் நுனி தெரிந்தது. சாம்பல் வெள்ளை. கண்ணில்லாத எதுவோ வெளிச்சத்தைத் தேடுவதுபோல இப்படியும் அப்படியும் அசைந்தது. பிறகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. எந்த வாயிலும் அடங்காத நீளம். சுண்ணாம்பு அப்பிய நாக்கு. அடிப்பக்கத்து நரம்பு நீலமாகத் துடித்தது. சிட்டுவின் மோவாயைத் தொட்டது. கன்னத்தில் ஏறியது. கீழிருந்து மேலாக. கண்ணோரத்தில் நின்றது. அங்கே ஒரு துளி நீர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டது.

உள்ளே, கல்லுக்கு அப்பால், யாரோ சப்புக்கொட்டினார்கள். நாக்கு செத்துக் கிடந்தவனுக்கு ருசி திரும்பினால் அப்படித்தான் கொட்டுவான்.

அண்ணி பாய்ந்தாள். பை விழுந்தது. சிட்டுவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தோளையும் கன்னத்தையும் சுவரில் அழுத்தி முட்டுக்கொடுத்து, இழுத்தாள். இழுத்தாள். சிட்டு அசையவில்லை. கண்ணை மூடியிருந்தாள். ஊட்டிவிடக் காத்திருக்கும் பிள்ளையாக வாயைத் திறந்திருந்தாள்.

சுவரில் வேறொரு இடம் கறுத்தது. கட்டிலின் கால்மாட்டில். ஈரம். ஜன்னலுக்குக் கீழே இன்னொன்று. கூரையை ஒட்டி மூன்று, நான்கு. உள்ளங்கை உள்ளங்கையாக. சுவர் முழுக்க அந்தச் சத்தம் பரவியது, மழையைவிட நெருக்கமாக. பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது.

அண்ணியின் கன்னம் அழுந்தியிருந்த இடத்தில், சுண்ணாம்பு மெல்ல வெதுவெதுப்பாகி, இளகத் தொடங்கியது.